கீரப்பாளையத்துத் தேர்வுக்குழு

நான் சிதம்பரம் போகும் பேருந்து டயர் வெடித்துக் கீரப்பாளையத்தில் நிற்கிறது. அறுப்பு முடிந்த வயலில் கிரிக்கெட் போட்டி. கடைசிப் பந்தில் உள்ளூர் அணிக்கு நான்கு ரன் வேண்டும். வரப்பில் கைலியோடு குந்தியிருக்கும் இருவர்தான் இந்திய அணிக்கே ஆள் எடுப்பவர்கள் போலும்.

"நம்ம வேலு லெக் சைடுல கெடச்சா வடலூருக்கே அடிப்பான் மச்சான்," என்கிறார் ஒருவர்.

"அடிப்பான். யார்க்கர் போட்டா மட்டும் சாமி கும்புடுறவன் மாதிரி நிப்பான். அவசரம் வேற ஜாஸ்தி. தேற மாட்டான்," என்கிறார் மச்சான்.

யார்க்கரே வருகிறது. ஸ்டம்பு பறக்கிறது. வேலு ஆடுகளத்திலேயே உட்கார்ந்துவிடுகிறான்.

"சரியாத்தான் சொன்னீங்க, தேற மாட்டான்," என்று நிபுணரான மச்சானிடம் பணிவாகச் சொல்கிறேன்.

கலங்கிய கண்களோடு திரும்புகிறார். "பஸ்ஸுல போறவரு நீங்க. எங்க புள்ளயப் பத்தி உங்களுக்கு என்னா சார் தெரியும்?"