சாவிக்காரர் தொலைத்த ஏழு பொருட்கள்

எங்கள் அக்காவிடம் மணி கேட்டால்கூட நேரான பதில் வராது. நாலரையாக இருக்க நூற்றுக்கு எழுபது என்பாள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஜன்னலைத் தாண்டிப் போனதும் எண்பத்தைந்துக்கு ஏற்றுவாள். கடிகாரம் அவள் தலைக்குப் பின்னாலேயே மாட்டியிருக்கும், ஆனால் திரும்பிப் பார்க்க மாட்டாள். இந்தக் கூத்தால் தெருவில் அவளுக்கு 'நூத்துக்கு' என்றே பெயர் விழுந்துவிட்டது.

பேருந்து நிலையத்தில் அவளுக்கு வேலை. பயணிகள் விட்டுவிட்டுப் போகும் பொருட்களை வாங்கி வைத்து உரியவரிடம் ஒப்படைக்கும் அறை. ஒரு கம்பி ஜன்னல், மூன்று இரும்பு அலமாரி, வருடம் முழுக்க ஈரக்குடை நாற்றம். கறுப்புக் குடை மட்டும் நாற்பதுக்குக் குறையாமல் கிடக்கும். யார் வந்து 'என்னுடையது' என்றாலும் எப்படி நம்புவது?

அதற்கு அவளிடம் ஒரு முறை இருந்தது. இத்தனை வருடத்தில் கறுப்புக் குடை கேட்டு வந்தவர்களில் நூற்றுக்கு எழுபது பேர் உண்மையானவர்கள். ஆகவே எழுபதில் ஆரம்பிப்பாள். பிடி எப்படி இருக்கும் என்று கேட்பாள். சரியாகச் சொன்னால் ஏற்றுவாள், உளறினால் இறக்குவாள். தொண்ணூறைத் தாண்டினால் குடை கைக்கு வரும். எல்லாவற்றையும் பழைய டிக்கெட்டுகளின் பின்பக்கத்தில் எழுதுவாள். இதற்குக் கணக்கில் பேயஸ் என்று யாரோ ஒருவர் பெயரில் பெரிய சூத்திரமே இருப்பதாக, கணக்கு வாத்தியாரான என் கணவர் சொன்னார். அக்கா பத்தாம் வகுப்பில் கணக்கில் பெயில்.

ஒருமுறை யாரோ பேருந்தில் ஒரு மரக்காலை விட்டுப் போயிருந்தார்கள். கால் இல்லாதவர்தான் வருவார் என்று அக்கா நூற்றுக்கு நூறு எழுதினாள். வந்தவருக்கு இரண்டு காலும் திடமாக இருந்தன. நாடகக் கம்பெனிக்காரர். அக்கா அவரை விரட்டிவிட்டாள். அன்று மாலை நாடகத்தில் ஒற்றைக்கால் ராஜா இரண்டு காலோடு சண்டை போட்டாராம். அன்றிலிருந்து எந்தக் கணக்கானாலும் அடியில் ஒரு வரி சேர்ப்பாள்: 'நான் நினைக்காதது - 1'. பூஜ்யம் போடக் கூடாது, பூஜ்யத்தை எதனால் பெருக்கினாலும் பூஜ்யம்தான், அப்புறம் கண்ணெதிரே வந்து நின்றாலும் நம்ப முடியாது என்பாள்.

ஊருக்குத்தான் உபதேசம்.

எங்கள் மூவருக்கும் ஒரே வீடு. ஒரு செவ்வாய்க்கிழமை காலை சாப்பாட்டு மேஜையில் அக்கா ஒரு கடிதம் எழுதி மடித்துக்கொண்டிருந்தாள். பிடுங்கிப் படித்தேன். நிலைய மேலாளருக்குப் புகார். கடைத்தெருவில் சாவி செய்து கொடுப்பவர் ஒருவர் செவ்வாய்தோறும் எதையாவது தொலைத்துவிட்டு வருகிறாராம். குடை, தொப்பி, பிஸ்கட் டப்பா, ஒற்றைச் செருப்பு, மூக்குக்கண்ணாடி, மறுபடியும் அதே குடை. அலமாரியில் இருக்கும் பயணிகளின் சாவிகளைப் பார்த்து நகல் எடுத்து வீடு புகுந்து திருடவே வருகிறார், போலீஸை அழைக்க வேண்டும் என்று முடித்திருந்தாள். அடியில் கணக்கு: திருடன் 97, மறதிக்காரர் 3.

எனக்குச் சிரிப்பும் கோபமும் சேர்ந்து வந்தன. இந்தப் புகார் மேலாளர் கைக்குப் போனால் அந்த மனிதர் கடையை மூட வேண்டியதுதான். திருடன் என்று பெயர் வாங்கியவரிடம் யார் சாவி கொடுப்பார்கள்?

அவளோ விரலை மடக்கி மடக்கி நியாயம் சொன்னாள். மேலாளர் வெளியே போகும் செவ்வாயாகப் பார்த்து வருகிறாராம். சாவிக்காரர் கடைக்குச் செவ்வாய் விடுமுறை என்பது ஊருக்கே தெரியும். பேச்சுக் கொடுத்துக் கவனத்தைத் திருப்புகிறாராம். டப்பாவில் இருந்த எட்டு பிஸ்கட்டையும் அவளிடமே நீட்டினாராம், அது லஞ்சம். ஒரு செவ்வாய் அவள் லீவு. அன்று வந்து, மேடம் இல்லையா என்று கேட்டு, கண்ணாடியைக்கூட வாங்காமல் போய்விட்டாராம், அது நோட்டம் பார்த்தது. மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போட அக்காவைக் கேட்டுத்தான் யாரும் கற்க வேண்டும்.

"கடைசி வரி எங்கக்கா?" என்றேன்.

"எந்த வரி?"

"நான் நினைக்காதது, ஒண்ணு."

அக்கா தட்டைப் பார்த்தாள். அந்த மனிதர் உன்னைப் பார்க்க வரலாம் இல்லையா என்று கேட்டேன்.

"அதுக்கு சைபர். எனக்கு நாப்பத்தி மூணு வயசுடி."

"மரக்காலுக்கே ஒண்ணு விட்டே. உனக்குன்னா சைபரா?"

எனக்கு அழுகை முட்டியது. இத்தனை வருடம் ஊரார் தொலைத்ததையெல்லாம் பத்திரமாக வைத்தவள், தன்னை யாராவது தேடி வருவார்கள் என்பதற்கு நூற்றில் ஒன்றுகூட வைத்துக்கொள்ளவில்லை.

அக்கா பென்சிலை எடுத்தாள். மறதிக்காரரிடமிருந்து ஒன்றைப் பிடுங்கி, வேண்டா வெறுப்பாகக் கடைசி வரியில் போட்டாள். பிறகு சாட்சியங்களை முதலிலிருந்து ஆரம்பித்தாள். வந்த நாளெல்லாம் அவர் அலமாரிப் பக்கம் திரும்பியதே இல்லை. பத்துத் திருடரில் ஒருவர்தான் அப்படி இருப்பார், பெண்ணைப் பார்க்க வந்தவர் பத்துக்குப் பத்தும் அப்படித்தான் இருப்பார். ஒன்று ஒன்பதானது. அவள் லீவில் இருந்த நாள் திருடனுக்கு வசதியான நாள், அன்று அவர் திரும்பிப் போய்விட்டார். ஒன்பது அறுபத்தேழானது. பிஸ்கட்டுக்குத் தொண்ணூற்றொன்று.

"ஒத்தச் செருப்போட மனுஷன் எப்படி பஸ்ஸ விட்டு இறங்குனாரு?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள். முகம் சிவந்துவிட்டது. தேநீர் ஆறிப்போனது. கடிதத்தை நான்காகக் கிழித்து, பின்பக்கம் எழுத உதவும் என்று பைக்குள் வைத்துக்கொண்டாள்.

நான் வேலைக்கு மட்டம் போட்டுவிட்டு அவளோடு போய், ஜன்னலுக்கு எதிரில் இருந்த பெஞ்சில் பேருந்துக்குக் காத்திருப்பவள் போல உட்கார்ந்தேன். பதினொரு மணிக்கு அவர் வந்தார். ஒல்லியான மனிதர், சட்டையில் இஸ்திரி மடிப்பு கத்தி மாதிரி நின்றது. என்ன தொலைந்தது என்று அக்கா கேட்டாள். சீப்பு என்றார். தலை அப்போதுதான் படிய வாரி ஈரமாக இருந்தது.

அக்கா படிவத்தை எடுத்தாள். சீப்பின் நிறம் கேட்டாள். பச்சை என்றார். எத்தனை பல் என்று கேட்டாள். அவர் விழித்தார். அவள் பேனாவை மூடிவிட்டாள்.

"இனிமே எதையும் தொலைக்காதீங்க," என்றாள்.

அவர் முகம் பேயறைந்தது போலாகி, மெல்லத் திரும்பி நடந்தார். நான் பெஞ்சிலிருந்து பாதி எழுந்துவிட்டேன்.

"சும்மாவே வாங்க," என்றாள் அக்கா.

அவர் திரும்பி வந்த வேகத்தில் கம்பியில் நெற்றியை இடித்துக்கொண்டார்.

கல்யாணமாகி மூன்று வருடம் ஆகிறது. செவ்வாய்க்கிழமைகளில் அத்தான் அவளுக்குச் சாப்பாடு கொண்டுபோகிறார், டப்பாவைத் திரும்ப எடுத்துவர நிஜமாகவே மறக்கிறார். அவர் கிளம்பிய பிறகு அக்கா அலமாரியில் இருக்கும் சாவிகளை ஒருமுறை எண்ணிப் பார்க்கிறாள். இன்னுமா சந்தேகம் என்று போன வாரம் பிடித்துக் கேட்டேன்.

"தொண்ணூத்தொம்பதுடி," என்றாள். "ஒண்ணு விட்டு வைக்கணும்ல."