சீத்தாப்பழமும் சரளாவின் அரைவட்டமும்

போன அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒடுகத்தூர் மலைப்பக்கம் போனோம். நான் போனது சீத்தாப்பழத்துக்காக. என் மனைவி சரளா போனது ஒரு பேஜாருக்காக.

அந்தப் பேஜாரை முதலில் சொல்லிவிடுகிறேன். தாய்மரத்திலிருந்து விதை எவ்வளவு தூரம் போய் முளைக்கிறது என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போடுவதுதான் அவளுடைய பிஎச்.டி. ஆராய்ச்சி. மரத்தடியில் கன்றுகள் ஜாஸ்தி, தள்ளிப்போகப் போகக் கம்மி. அந்த மலைச்சரிவில் சீத்தா மரங்கள் எல்லாம் இந்தக் கணக்குக்கு ஒழுங்காகக் கட்டுப்பட்டன, ஒரே ஒரு இடத்தைத் தவிர. ஒரு பாறைக்கு முன்னால் கன்றுகள் கும்பலாக நின்றன. கிட்டத்தில் தாய்மரமே இல்லை. வரைபடத்தில் புள்ளி வைத்துப் பார்த்தால் அரைவட்டம்! பாறைக்குப் பின்னால் ஒன்றுகூடக் கிடையாது. நரியா, குரங்கா, மழைத்தண்ணீரா என்று மூன்று மாதம் மண்டையை உடைத்துக்கொண்டாள். "காரணம் சொல்ல முடியலன்னா அந்த அத்தியாயத்தையே எடுத்துடு" என்று கைடு சொல்லிவிட்டார். அது அவளுடைய இரண்டு வருஷ உழைப்பு. வீட்டில் சாம்பாருக்கு உப்புப் போட மறந்தாள். நானும் போடவில்லை என்பது வேறு விஷயம்.

காலை ஆறரைக்கு ஆம்பூரிலிருந்து பைக்கில் கிளம்பினோம். மாதனூர் வழியாக ஒடுகத்தூர் இருபத்தைந்து கிலோமீட்டர் இருக்கும். பஸ் ஸ்டாண்டு பக்கம் இட்லி, வடை, டீ, இரண்டு பேருக்கும் தொண்ணூறு ரூபாய். வேர்க்கடலைச் சட்னியைக் கேட்டு வாங்குங்கள், அவர்களாக வைக்க மாட்டார்கள். அங்கிருந்து ஐந்து கிலோமீட்டர் போய், ஒரு கடலைக்கொல்லை ஓரம் பைக்கை நிறுத்திவிட்டு முக்கால் மணி நேரம் ஏறினோம்.

நான் ஷூ கம்பெனியில் கட்டிங் சூப்பர்வைசர். என் வாய் சும்மா இருக்குமா? "லெதர்ல ஒரு துண்டு சரியில்லன்னா வெட்டிப் போட்டுட்டுப் போய்ட்டே இருப்போம். நீயும் அந்தக் கும்பல வெட்டி உட்ரு" என்றேன். "இது ஷூ இல்லங்க" என்று முறைத்தாள். அந்தப் பாறை வரும்வரை எனக்குப் பத்தடி முன்னாலேயே நடந்தாள்.

நிழலில் உட்கார்ந்தோம். கொஞ்ச நேரத்தில் மேலிருந்து கூடை கூடையாகச் சீத்தாப்பழத்தோடு மூன்று பெண்கள் இறங்கி வந்தார்கள். சரளா அவர்களைப் பார்த்ததே இல்லை. அவள் கன்று எண்ண வந்ததெல்லாம் ஜூன், ஜூலையில். பழமில்லாத மாதத்தில் இங்கே யாருக்கு என்ன வேலை?

பாறைக்குப் பின்பக்கம் கூடைகளை இறக்கி, பழத்தைப் பிரித்தார்கள். கெட்டியானது கூடைக்கு, வெடித்தது மடிக்கு. அவர்களில் மூத்தவரான கோவிந்தம்மா அக்கா எங்கள் கையிலும் ஆளுக்கு இரண்டு திணித்தார். "வெடிச்சது பஸ்ஸுல போனா கூழாப்பூடும். இங்கயே துன்னுடுவோம். சாப்டுங்க."

ஐந்து பேரும் பாறையில் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டோம். ஆஹா, என்ன இனிப்பு! விதைகளைத் துப்பிக்கொண்டே இருந்தோம். எல்லாரும் முன்னால்தான் துப்பினோம், பின்னால் பழக்கூடை இருக்கிறதே. சரளா திடீரென்று மெல்லுவதை நிறுத்தினாள். கன்னத்தில் விதை உப்பிக்கொண்டிருந்தது. எங்கள் வரிசையைப் பார்த்தாள், எதிரே நின்ற கன்றுகளைப் பார்த்தாள், திரும்பிக் கூடைகளைப் பார்த்தாள். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தவள் நிறுத்தவேயில்லை.

"இன்னாமா, புழுவா?" என்றார் அக்கா.

"இல்லக்கா. மூணு மாசமா ஒரு மிருகத்தத் தேடிட்டிருந்தேன். இப்ப கெடச்சிடுச்சி."

"ஐயோ, எங்க?" என்று அக்கா கூடையைத் தூக்கிக்கொண்டு எழுந்தேவிட்டார்.

"கண்ணாடில பாத்திருந்தா அப்பவே கெடச்சிருக்கும்" என்றேன் நான். மூன்று மாதத்துக்கப்புறம் என் ஜோக்குக்கு அவள் சிரித்தாள். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

வீட்டுக்கு வந்ததும், உட்கார்ந்து துப்புகிற அந்தப் பாறையையும் முன்பக்கம் மட்டும் விதை போடும் ஒரு தாய்மரம் போலக் கணக்கில் சேர்த்தாள். அரைவட்டம் அப்படியே வந்தது. அத்தியாயம் இருக்கட்டும் என்று கைடும் சொல்லிவிட்டார்.

நீங்கள் போவதென்றால் செப்டம்பர் முதல் நவம்பர் வரை போங்கள். தண்ணீர் இரண்டு லிட்டராவது வேண்டும். காட்டு எல்லைக்குள் நுழைய முதலில் வனத்துறையிடம் கேட்டுக்கொள்ளுங்கள், நாங்கள் சரளா ஆராய்ச்சிக்காக வாங்கியிருந்த அனுமதியில்தான் போனோம். பழத்தை ரோட்டோரத்தில் வாங்குவதைவிடக் கூடைக்காரர்களிடமே கேளுங்கள், வெடித்ததாகப் பார்த்து.

அடுத்த ஜூனில் சரளா மறுபடி கன்று எண்ணப் போகிறாள். அரைவட்டத்தைத் தாண்டி ஒரு கன்று தனியாக நின்றால் அது என்னுடையது. நான் கொஞ்சம் தூரமாகத் துப்புவேன். அதையும் எண்ணிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறாள்.