கடைசியாக எடுக்க வேண்டிய பூட்டு

வெர்னன் ஹுடாக்கைப் பற்றி எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் நல்ல விதமாகத்தான் ஆரம்பிப்பார்கள். ஆரம்பித்து, பாதியில் நிறுத்தி, "சரி விடு" என்பார்கள். அப்படி விட்டுவிடுவது என்னென்ன என்று எனக்குத் தெரியும். ஓஹையோ ஆற்றங்கரையில் இருந்த எங்கள் அனல்மின் நிலையத்தின் வாசலில் காவல் உட்கார்ந்தவள் நான். ரோவீனா என்று பெயர். உள்ளே போனவனும் வெளியே வந்தவனும் என் கண்ணில் படாமல் தப்பியதில்லை.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நிலக்கரிக்காக ஒப்பாரி வைக்கிற ஆள் இல்லை நான். கொடியில் காயப்போட்ட வெள்ளைத் துணி வெள்ளையாகவே வீட்டுக்குள் திரும்பியதாக எனக்கு ஞாபகம் இல்லை. என் தங்கை மகள் இன்ஹேலரைப் பையில் வைத்துக்கொண்டே வளர்ந்தாள். கொதிகலனுக்கும் வயதாகிவிட்டது, இன்றைக்கு இந்தக் குழாய் வெடித்தால் நாளைக்கு அந்தக் குழாய். பக்கத்து மலைகளில் தோண்டத் தோண்ட எரிவாயு வந்துகொண்டிருந்தது. மூடியது நியாயம். மூடிய விதம்தான் வயிற்றெரிச்சல்.

வெர்னன் கொதிகலன் பராமரிப்புக் கோஷ்டிக்குத் தலைவன், தொழிற்சங்கத்துக்கும் தலைவன். வாசல் நிலையில் தலை இடிக்கிற உயரம். யார் வண்டி பனியில் சிக்கினாலும் முதல் போன் அவனுக்குத்தான் போகும். திட்டிக்கொண்டே வருவான், தள்ளிவிட்டுத்தான் போவான்.

கொதிகலனுக்குள் இறங்குகிற வேலைக்கு ஒரு முறை உண்டு. மின்சாரம் வருகிற சுவிட்சை அணைத்து, அதன் கைப்பிடியில் ஒவ்வொருவனும் தன் சொந்தப் பூட்டைத் தொங்கவிட வேண்டும். பூட்டில் அவன் பெயர், சாவி அவன் பையில். வெளியே வந்ததும் தன் பூட்டைத் தானே எடுப்பான். ஒரு பூட்டு மிச்சம் இருந்தாலும் சுவிட்சைப் போட முடியாது. உள்ளே ஓர் ஆள் இருக்கிறான் என்று அர்த்தம். அடுத்தவன் பூட்டில் கை வைப்பதும் அவன் கழுத்தில் கை வைப்பதும் ஒன்று. எவனாவது மறதியில் பூட்டை விட்டுவிட்டு வீட்டுக்குப் போனால் சாப்பாட்டுத் தட்டிலிருந்து எழுப்பி வரவழைப்பார்கள். மறுநாள் எல்லோருக்கும் அவன் டோனட் வாங்கி வர வேண்டும்.

கோஷ்டித் தலைவனின் பூட்டு மட்டும் மஞ்சள். முதலில் ஏறுவதும் அதுதான், கடைசியில் இறங்குவதும் அதுதான். தன் ஆட்கள் அத்தனை பேரும் வெளியே வந்த பிறகே தலைவன் அதைத் தொடலாம். வெர்னன் அதில் ஒரு நாளும் தவறியதில்லை. மூக்கு உறைகிற குளிரிலும் சுவிட்சுக்குப் பக்கத்தில் நின்று ஒவ்வொரு தலையாக வெளியே வருவதைப் பார்ப்பான். அந்தத் தைரியத்தில்தான் கஸ் டோம்கோ உள்ளே போவான். கஸ் வெல்டர், எல்லோரையும்விட வேலையில் மூத்தவன், பேச்சில் கஞ்சன். மான் வேட்டை சீசன் வந்தால் கஸ்ஸுக்கும் வெர்னனுக்கும் காட்டில் ஒரே குடிசை, ஒரே வாணலி.

பழையதை மூடிவிட்டு அதே வளாகத்தில் எரிவாயு நிலையம் கட்டப்போவதாகக் கம்பெனி அறிவித்தது. நிலக்கரி என்றால் படகிலிருந்து இறக்க, தள்ள, அரைக்க, சாம்பல் அள்ள என்று ஊரே வேலை பார்க்கலாம். வாயு குழாயில் தானாக வருகிறது. ஒரு பள்ளிக்கூடப் பஸ்ஸில் அடங்குகிற ஆட்கள் போதும். அந்தக் கொஞ்சப் பேரையும் இன்டர்வியூ வைத்துப் பொறுக்குவோம் என்றது கம்பெனி. வேலையில் மூத்தவர்கள் வரிசைப்படி எடு என்றது சங்கம். தீயணைப்பு நிலையத்து ஹாலில் கூட்டம். வெர்னன் நாற்காலி மேல் ஏறி நின்று கத்தினான்.

"எவனும் தனியா இன்டர்வியூவுக்குப் போகக் கூடாது! வரிசைப்படி எடுத்தா எடுக்கட்டும், இல்லேன்னா நம்மள்ல ஒருத்தனும் வேண்டாம். திருட்டுத்தனமாப் போறவன் மூஞ்சில நான் முழிக்கவே மாட்டேன்!"

எல்லோரும் ஆமோதித்து மேசையைத் தட்டினார்கள். முதலில் கையைத் தூக்கியவன் கஸ். வரிசைப்படி எடுத்தால் முதல் வேலையும் அவனுக்குத்தான் வந்திருக்கும்.

கொதிகலனை அணைத்த கடைசி நாளில் எல்லோரும் மின்கம்பி முற்றத்துக்குப் போனார்கள். ஊருக்கு மின்சாரம் போகிற பெரிய சுவிட்சில் அவரவர் பூட்டைத் தொங்கவிட்டார்கள். வேலை எதுவும் இல்லை, சும்மாதான். எங்களைக் கேட்காமல் இதைத் தொடாதே என்று சொல்வதற்கு. கைப்பிடியின் முதல் துளையில் மஞ்சள் பூட்டை மாட்டி ஆரம்பித்துவைத்தவன் வெர்னன். மாட்டிவிட்டுக் குலுங்கிக் குலுங்கி அழுதான். கஸ் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

கம்பெனி இறங்கி வரவில்லை. வெளியூரிலிருந்து ஆள் எடுத்தது. எங்கள் ஆட்களில் ஒருவன் கிடங்கில் பெட்டி அடுக்கப் போனான், ஒருவன் லாரி ஓட்டினான், பலர் சும்மா இருந்தார்கள். புது நிலையம் தயாரானது. வாசல் காவல் தனி ஒப்பந்தம் என்பதால் என் வேலை மட்டும் தப்பியது. ஒரு காலையில் என் வாசலில் வெர்னனின் வண்டி வந்து நின்றது. புது நீலச் சட்டை போட்டிருந்தான்.

"என்ன வெர்னன், வழி தவறி வந்துட்டியா?"

"அவங்களே கூப்பிட்டாங்க ரோவீனா. சும்மா, ஆலோசனை கேக்க."

"ஆலோசனை கேக்கறவங்க நெஞ்சுல பேரையும் தைச்சுக் குடுப்பாங்களோ?"

அவன் முகம் செத்துப்போனது. கதவைத் திறந்துவிட்டேன். அன்றிலிருந்து வண்டியைக் கொட்டகைக்குப் பின்னால்தான் நிறுத்தினான், சாப்பாட்டையும் வண்டிக்குள்ளேயே முடித்துக்கொண்டான்.

மெல்ல மெல்ல எல்லாம் வெளியே வந்தது. ஹாலில் கத்திய ஈரம் காய்வதற்குள் ஆற்றுக்கு அக்கரையில் ஒரு ஹைவே ஓட்டலுக்குப் போய் இன்டர்வியூ கொடுத்திருக்கிறான். கடைசி நாளில் மஞ்சள் பூட்டை மாட்டி அழுதபோதே வேலை அவன் கையில் இருந்திருக்கிறது. காரணமும் எங்களுக்குத் தெரியும். அவன் மனைவி லோரெட்டாவுக்கு இரண்டு சிறுநீரகங்களும் போய்விட்டன; டயாலிசிஸில்தான் உயிர் ஓடிக்கொண்டிருந்தது. வேலை போனால் மருத்துவக் காப்பீடும் போகும். எவன் அவனைக் குறை சொல்லியிருப்பான்? ஆனால் அவன் யாரிடமும் வாய் திறக்கவில்லை. லோரெட்டாவிடம் சொன்னது அதைவிட மோசம்.

ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு காலத்து வெள்ளிக்கிழமைகளில் தேவாலயத்து அடித்தளத்தில் மீன் வறுவல் விருந்து நடக்கும். நான் அங்கே பரிமாறிக்கொண்டிருந்தேன். லோரெட்டா கம்பை ஊன்றிக்கொண்டு கஸ் இருந்த மேசைக்கு வந்தாள். பின்னால் இரண்டு தட்டோடு வெர்னன்.

"கஸ், உங்களை நேர்ல பாத்துச் சொல்லணும்னே வந்தேன். சங்கத்துல எல்லாருமாச் சேர்ந்து இவரைப் போகச் சொன்னீங்களாமே. உங்க முறையையே விட்டுக் குடுத்தீங்களாம். சாகற வரைக்கும் மறக்க மாட்டேன்."

மேசையில் இருந்தவர்கள் முள்கரண்டியைக் கீழே வைத்தார்கள். வெர்னன் தட்டுகளை எங்கே வைப்பது என்று தேடினான். எனக்கே பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது, அவனுக்கு எப்படி இருந்திருக்கும்?

கஸ் வாயில் இருந்ததை மென்று விழுங்கினான். "அதுக்கென்ன லோரெட்டா. உட்காரு. முட்டைக்கோஸ் நல்லா இருக்கு, சாப்பிடு" என்றான்.

அதோடு வெர்னன் மீன் வறுவலுக்கு வருவதை நிறுத்திவிட்டான்.

புது நிலையத்தின் மின்சாரமும் பழைய கம்பி வழியாகத்தான் ஊருக்குப் போக வேண்டும். சுவிட்சைப் போடலாம் என்று போனால் கைப்பிடி முழுக்கப் பூட்டு. மேனேஜர் டெக்சஸிலிருந்து வந்த இளைஞர், பிரெண்ட் என்று பெயர். உடைக்க அவருக்கும் மனமில்லை, விதியும் விடாது: பூட்டுக்காரன் உயிரோடு இருந்தால் அவனே வந்து எடுக்க வேண்டும்.

"வெர்னன், இவங்க எல்லாரையும் உங்களுக்குத்தானே தெரியும்? நீங்களே போன் பண்ணிக் கூப்பிட்டுடுங்களேன்" என்றார்.

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. வெர்னன் என் காவல் அறையில் உட்கார்ந்து ஒவ்வொரு நம்பராகப் போட்டான். "வெர்னன் பேசறேன்" என்பான்.  "பூட்டு... வந்து எடுத்துட்டுப் போகணும்" என்பான். இரண்டு பேர் அதிலேயே போனை வைத்துவிட்டார்கள். வைத்தவர்களும் வந்துசேர்ந்தார்கள், அது வேறு விஷயம்.

முதலில் வந்தவன் கையில் டோனட் பெட்டி.

"என்னடா இது?" என்றேன்.

"பூட்டை விட்டுட்டுப் போனவன் வாங்கிட்டு வரணும்ல? முறைன்னா முறைதான்" என்று பெட்டியை என் மேசையில் வைத்தான். சிரித்தான், கண் சிரிக்கவில்லை. அடுத்து வந்தவனும் கொண்டுவந்தான், அதற்கடுத்தவனும். மேசை நிறைந்து தரைக்கு வந்துவிட்டது. கொண்டுவந்தவர்களில் ஒருவனும் ஒன்றைக்கூடத் தொடவில்லை. புது ஆட்கள் சர்க்கரை விரலோடு, என்ன விசேஷம் என்று கேட்டார்கள். 

வேலையில் இல்லாதவர்களைத் தனியாக உள்ளே விடக் கூடாது என்பதால் ஒவ்வொருவனையும் சுவிட்சுவரை நான்தான் கூட்டிப்போனேன். வெர்னன் அங்கே நிற்பான். வந்தவன் சுவிட்சைப் பார்ப்பான், கைப்பிடியின் முதல் துளையைப் பார்ப்பான், வெர்னன் முகத்தைப் பார்ப்பான். தன் பூட்டை எடுத்துக்கொண்டு திரும்புவான். ஏன் அப்படிப் பார்த்தார்கள் என்பது கஸ் வந்த அன்றுதான் என் மண்டைக்கு எட்டியது.

கஸ் கடைசியாக வந்தான், வெறுங்கையோடு. சுவிட்சில் அவன் பூட்டு மட்டும்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

"வா கஸ்" என்றான் வெர்னன்.

கஸ் முதல் துளையை விரலால் தடவினான். "உன்னோடது எங்கடா?"

"எடுத்துட்டேன்."

"எப்போ?"

வெர்னன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தான். "உங்களைக் கூப்பிடறதுக்கு முன்னாடியே. இந்தச் சட்டையோட... என் பேரும் உங்க பேரும் ஒண்ணாத் தொங்கறதை நீங்க வந்து பாக்கறதை என்னால தாங்க முடியாது கஸ்."

"எங்க எல்லாருக்கும் முன்னாடி எடுத்துட்டே."

 அந்தத் தொழிலில் இருப்பவனுக்கு அதைவிடக் கேவலமான வார்த்தை கிடையாது. கஸ் அதைச் சத்தம் போடாமல் சொன்னது இன்னும் கொடுமை.

"நீ வேலைக்குப் போனதப் பத்தி நான் ஒரு வார்த்தை கேட்டேனா?" என்றான் கஸ். "லோரெட்டா நிலைமை எனக்குத் தெரியாதா? அன்னிக்கு ஹால்ல ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நாங்களே உன்னை அனுப்பியிருப்போம்டா. நான்தான் முதல்ல கையத் தூக்கியிருப்பேன்."

சொல்லிவிட்டுச் சாவியை எடுத்தான்.

"இரு கஸ்! கொஞ்சம் இரு, கைய வைக்காத!" என்று வெர்னன் ஓடினான். அந்த உடம்பைத் தூக்கிக்கொண்டு, தலைக்கவசம் கழன்று உருள, நீலச் சட்டைக்காரர்கள் எல்லாம் வேடிக்கை பார்க்க, தன் லாக்கருக்கு ஓடினான். கஸ் போய்விடுவான் என்று நினைத்தேன். சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றான்.

வெர்னன் மஞ்சள் பூட்டோடு திரும்பி வந்தான். மூச்சு வாங்கியது.  முதல் துளையில் மாட்டி அழுத்தினான்.

"இப்ப நீ எடு. நீ எடுத்ததுக்கப்புறம் நான் எடுக்கறேன். முறைப்படி."

கஸ் தன் பூட்டைத் திறந்து கோட்டுப் பையில் போட்டுக்கொண்டான். மஞ்சள் பூட்டைப் பார்த்தான். கோபம் இருந்தால் தேவலை என்று எனக்குத் தோன்றியது. அவன் முகத்தில் அது துளியும் இல்லை.

"இப்பப் பூட்டி என்ன பண்றது வெர்னன்? உள்ளதான் யாரும் இல்லையே."

கஸ்ஸை வாசலுக்குக் கூட்டிவந்தேன். பின்னால் ரேடியோவில் பிரெண்ட், "வெர்னன், சுவிட்சைப் போடலாமா? வெர்னன், கேக்குதா?" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். நான்தான் திரும்பிப் பார்த்தேன். வெர்னன் மஞ்சள் பூட்டு தொங்கிய சுவிட்சின் மேல் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றிருந்தான்.