நஜீமா ஏன் சாப்பிடவில்லை

லக்ஷ்மணன் லேசில் எதையும் நம்புகிற ஆள் கிடையாது. ஒரு டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தால், அதை இன்னொரு டாக்டரிடம் காட்டி விசாரித்த பிறகுதான் விழுங்குவார். கல்யாணமான புதிதில் மனைவி மட்டுவார்குழலி போட்டுக் கொடுத்த முதல் காபியை மோந்து பார்த்துவிட்டுக் குடித்தார். அந்த அம்மாள் அதை இன்றுவரை மறக்கவில்லை, மறக்கவும் மாட்டாள்.

பிழைப்பும் அப்படி அமைந்துவிட்டது. பெரிய தொழிற்சாலையில் முப்பத்து நான்கு வருஷம் வெல்டிங் இன்ஸ்பெக்டர். குழாய்களைத் தட்டி, தடவி, எக்ஸ்ரே படம் எடுத்து, எங்கே ஓட்டை என்று தேடுகிற வேலை. அங்கே பற்றவைத்த இடத்துக்குப் பக்கத்தில் வெல்டர் தன் நம்பரை அடித்து வைக்க வேண்டும். நம்பர் இல்லாத குழாயை லக்ஷ்மணன் ஏறிட்டும் பார்க்க மாட்டார், அப்படியே திருப்பி அனுப்பிவிடுவார். “செஞ்சவனே தன் வேலைக்குப் பேர் போடப் பயந்தா, அதுல என்னமோ இருக்கு” என்பார். ரிட்டயர் ஆனார், கைலாசபுரத்துக் குவார்ட்டர்ஸைக் காலி செய்தார், பக்கத்திலேயே வீடும் கட்டிக்கொண்டார். அந்தப் புத்தி மட்டும் ரிட்டயர் ஆகவில்லை.

ரமலான் முடிந்த மறுவாரம் மெயின் ரோட்டோரம் ஒரு சாப்பாட்டு வேன் வந்து நின்றது. பழைய வேனின் ஒரு பக்கத்தை வெட்டி ஜன்னலாக்கி, உள்ளே அடுப்பு, வெளியே பத்து பிளாஸ்டிக் ஸ்டூல். பாலக்கரை நஜீமா சால்னா வைத்து இடியாப்பம் பிழிவாள். அவள் நாத்தனார் ஜெஸிமா பரோட்டா வீசுவாள். நஜீமாவின் கணவன் ரஃபீக் சவூதியில் வேலை போய், முதுகு ஒடிந்து திரும்பி வந்து படுக்கையில் கிடக்கிறான், இந்த வேனை நம்பித்தான் அந்த வீட்டில் உலை கொதிக்கிறது. இத்தனையையும் முதல் நாளே மட்டுவார்குழலி கறந்துவிட்டாள்.

லக்ஷ்மணன் பரோட்டாவைத் திருப்பி அடிப்பக்கம் பார்த்தார், பிய்த்துப் பார்த்தார், சால்னாவில் தோய்த்து வாயில் போட்டார். அடேயப்பா, அப்படியொரு ருசி! அதுதான் அவரை உறுத்தியது. ரோட்டோர வண்டியில் இவ்வளவு ருசி எப்படி வரும்?

மறுநாளிலிருந்து தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்குத் தனியாகவே போய் உட்கார்ந்தார். ஆறு மணிக்கு நடைப்பயிற்சிக்குக் கிளம்பிவிடுவார். அந்த ஒரு மணி நேரமும் கண் ஜன்னலிலேயே இருந்தது. நான்காம் நாள் பிடித்துவிட்டார். நஜீமா தான் சமைத்ததைத் தானே வாயில் வைப்பதில்லை! ஒரு துண்டு பரோட்டா இல்லை, ஒரு சொட்டு சால்னா இல்லை. கேனில் இருக்கிற தண்ணீரைக்கூடத் தொடுவதில்லை. சால்னா கொதித்ததும் ஜெஸிமாவைக் கூப்பிட்டு, அவள் உள்ளங்கையில் ஊற்றி நக்கச் சொல்கிறாள்.

“அந்தப் பொண்ணை வச்சு டெஸ்ட் பண்றா, குழலி. சமைக்கிறவளுக்கே அந்தச் சாப்பாட்டு மேல நம்பிக்கை இல்லை.”

“உங்களுக்கு வேற வேலையே இல்லையா? பேசாம தின்னுட்டு வாங்க.”

பேசாமல் இருந்தால் அவர் லக்ஷ்மணன் இல்லையே. ஒன்பதாம் நாள் வரை பார்த்தார். பிறகு உணவுப் பாதுகாப்பு அதிகாரிக்குப் போன் போட்டு, தன் பெயர், விலாசம் எல்லாம் சொல்லி முறையாகப் புகார் கொடுத்தார். அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினார்.

பதினோராம் நாள் அவர் போனபோது ஜெஸிமாவைக் காணோம். அவள் பிள்ளைக்குக் காய்ச்சலாம். ஸ்டூல்களில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். நஜீமா ஜன்னலிலிருந்து தலையை நீட்டினாள்.

“சார், கோச்சுக்காதீங்க. சால்னால உப்பு சரியா இருக்கானு கொஞ்சம் பாத்து சொல்லுங்களேன்.”

என்னிடமேவா! லக்ஷ்மணனுக்குச் சுருக்கென்றது.

“ஏம்மா, நீ பாக்க மாட்டியா?”

“நோன்பு சார்.”

“ரமலான்தான் முடிஞ்சுபோச்சே?”

“ரமலான்ல டைஃபாய்டு வந்து படுத்துட்டேன் சார். பதினோரு நோன்பு விட்டுப்போச்சு. அதைத் திருப்பிப் பிடிக்கணும்ல? இன்னைக்குத்தான் கடைசி. தினமும் ஜெஸிமா உப்பு பாப்பா, இன்னைக்கு யாரைக் கேக்கறதுனு முழிச்சேன். மத்தவங்க சும்மாவாச்சும் நல்லாருக்குன்னுடுவாங்க. நீங்க குத்தம் இருந்தா மூஞ்சிக்கு நேரா சொல்லிடுவீங்க.”

கரண்டியை நீட்டினாள். வாங்கிக் குடித்தார்.

“ஒரு சிட்டிகை... குறையுதும்மா.”

“பாத்தீங்களா, அதுக்குத்தான் உங்களைக் கேட்டேன்!” என்று சிரித்துக்கொண்டே உப்பை அள்ளிப் போட்டாள்.

ஐயோ, என்ன காரியம் செய்துவிட்டேன்! லக்ஷ்மணன் ஓரமாகப் போய், புகார் கொடுத்த நம்பரைத் தட்டினார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. இன்னொரு தரம் தட்டுவதற்குள் ஜீப் வந்து நின்றது.

அதிகாரி இறங்கி நேராக வேனுக்குள் ஏறினார். “இங்க சமைக்கிறவங்களே இதைச் சாப்பிடறதில்லைனு புகார் வந்திருக்கு.” அவ்வளவுதான். ஸ்டூலில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். பாதி தின்ற தட்டுகள் அப்படியே கிடந்தன. ஒருவன் ஜீப்பையும் வேனையும் சேர்த்து வீடியோ எடுத்தான். சால்னாவை நான்கு டப்பாக்களில் அடைத்துச் சீல் வைக்கிறவரை நஜீமா அடுப்பைப் பிடித்தபடி நின்றாள். பிறகு ஜன்னலுக்கு வந்தாள்.

“எந்தப் பாவி சார் இப்படிச் செஞ்சான்? நீங்க சொல்லுங்க இவர்கிட்ட. தினம் சாப்பிடறீங்க, இப்பக்கூட சாப்பிட்டீங்க. நீங்க சொன்னா நம்புவாரு.”

லக்ஷ்மணன் ஜன்னலருகே வந்தார். பேசாமல் இருந்திருக்கலாம், யாருக்கும் தெரியப் போவதில்லை.

“புகார் கொடுத்தது நான்தாம்மா.”

நஜீமா அவரையே பார்த்தாள். அவர் அதிகாரியிடம் திரும்பி, தப்பு தன்மேல்தான், புகாரை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன் என்று கெஞ்சினார். “எடுத்த சாம்பிளைத் திருப்ப முடியாது சார். ரிப்போர்ட் நல்லபடியா வந்தா பிரச்சனை இல்லை” என்று சொல்லிவிட்டு அதிகாரி கிளம்பினார். ரிப்போர்ட் நல்லபடியாகத்தான் வரும். ஆனால் ஜீப் வந்து நின்ற வண்டியில் நாளைக்கு யார் வந்து சாப்பிடுவார்கள்?

லக்ஷ்மணன் அன்று நடைப்பயிற்சிக்குப் போகவில்லை. போகவும் தெரியாமல், நிற்கவும் தெரியாமல் அங்கேயே நின்றார். நஜீமாவின் செல்போனில் நோன்பு திறக்கும் நேரத்துப் பாங்கு ஒலித்தது. அவள் வேனின் படியில் உட்கார்ந்து ஒரு பேரீச்சம்பழத்தைத் தின்று, தண்ணீர் குடித்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது அவள் குரலில் கோபமில்லை, அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

“இத்தனை நாளா நான் சாப்பிடறேனா இல்லையானு பாத்துக்கிட்டே இருந்திருக்கீங்களே சார். ‘சாப்பிட்டியாம்மா?’னு ஒரு நாள் கேட்டிருக்கலாமே.”

அவள் எழுந்து ஸ்டூல்களை அடுக்க ஆரம்பித்தாள். லக்ஷ்மணன் குனிந்து ஒன்றை எடுத்துக் கொடுக்கப் போனார். “வைங்க சார், நான் எடுத்துக்கறேன்” என்று அவள் அதை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.