என் வலிக்கு அவர் சொன்ன எண்

முதலில் அது கடற்காற்றோடுதான் வந்தது. கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கை நேரே கடலுக்கு இறங்குகிறது. மரக்கறிப் பையோடு திரும்பிய ஒரு காலை, காற்றுப் பட்ட வலது கன்னத்தில் மின்சாரம் பாய்ந்தது போல் இருந்தது. பல்லில்தான் பிழை என்று நினைத்து ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினோம். நல்ல பல் வீணாகப் போனது.

பிறகுதான் பெயர் தெரிந்தது: முக்கிளை நரம்புவலி (முகத்தின் உணர்வை மூளைக்குக் கொண்டுபோகும் நரம்பில் வெட்டி வெட்டி வரும் வலி). முகம் கழுவினால் வரும், சோறு மென்றால் வரும். இதே வியாதியோடு இதைப் படிப்பவருக்கு இதற்கு மேல் நான் விவரிக்கத் தேவையில்லை.

வைத்தியர் சிங்களவர், நல்ல மனிதர். நான் யாழ்ப்பாணத்திலிருந்து கலியாணம் முடித்து வந்தவள். கொழும்பில் பிறந்து வளர்ந்த என் கணவர்தான் கிளினிக்கில் எனக்காகக் கதைப்பார். பூச்சியத்திலிருந்து பத்துக்குள் வலி எவ்வளவு என்று வைத்தியர் கேட்பார். நான் தமிழில் ஓர் எண் சொல்வேன், இவர் அதைச் சிங்களத்தில் சொல்வார். மருந்தின் அளவு அந்த எண்ணைப் பார்த்துத்தான்.

ஆரம்பத்தில் எனக்கு வலி வெட்டும்போது இவர் தன் கன்னத்தைப் பொத்துவார். அதைக் கண்ட வைத்தியர் சிரித்துக்கொண்டு ஏதோ சொன்னார். இவர் எனக்கு விளங்கப்படுத்தினார்.

"வலியிலை தவிக்கிற மூளைப் பகுதி, எங்கடை ஆக்களுக்கு நோகிறதைப் பாக்கேக்கையும் கொஞ்சம் வேலை செய்யுமாம். நானும் பாதி நோயாளியாம்."

அன்று எனக்கு வெட்கமாகவும் சந்தோஷமாகவும் இருந்தது.

அந்தக் கை எப்போது கன்னத்துக்குப் போகாமல் நின்றது என்று தெரியவில்லை. பிறகு பிறகு, நான் துடித்தால் டிவி சத்தத்தைக் குறைப்பார், அவ்வளவுதான்.

ஒரு கிளினிக்கில் நான் "ஒன்பது" என்றேன். இவர் "பஹ" என்றார்.

என் சிங்களம் சந்தைச் சிங்களம். ஆனால் விலை பேசி வாங்குகிறவளுக்கு எண்கள் தெரியாமல் இருக்குமா? பஹ என்றால் ஐந்து.

"நவய, டொக்டர்," என்று நானே ஒன்பதைச் சொன்னேன். வைத்தியர் இவரைப் பார்த்தார். இவர் நிலத்தைப் பார்த்தார். மருந்து கூடியது.

பஸ்ஸில் கேட்டேன். "ஏன் குறைச்சுச் சொன்னனீங்கள்?"

"கன நாளா அப்பிடித்தான் சொல்லுறன். பொய்யெண்டு நினைக்காதையும். உம்மைப் பாக்கேக்கை எனக்கு அதுக்கு மேலை தெரியேல்லை."

"நான் வாயாலை சொல்லுறனே!"

"கேக்குது. ஆனா உள்ளுக்கை ஒண்டும் அசையுதில்லை. நான் என்ன செய்ய?"

இந்த மனிதன் ஒரு நாளைக்காவது என் முகத்தைக் கழற்றி மாட்டிப் பார்க்கட்டும் என்று மனதுக்குள் திட்டினேன். இத்தனை மாதம் நான் பட்டதில் பாதி, அந்த ஐந்தினால் வந்தது.

கூடிய மருந்து வலியைக் கொஞ்சம் தள்ளி வைத்தது. அதோடு மற்ற எல்லாவற்றையும் தள்ளி வைத்தது. என் கன்னம் யாருடையதோ போல் இருக்கிறது. காலை, மாலை என்பதெல்லாம் போய், மாத்திரைக்கு முன், மாத்திரைக்குப் பின் என்று ஆகிவிட்டது. இது மருந்தின் வேலையா, இவ்வளவு காலம் நொந்த மூளையின் வேலையா என்று இவரைக் கொண்டே கேட்டேன். பிரித்துச் சொல்ல முடியாது என்றார் வைத்தியர்.

போன கிழமை இவர் தேத்தண்ணி போடும்போது கொதிதண்ணீர் கையில் கொட்டிவிட்டது. கத்தினார். நான் ஓடிப்போய் அந்தக் கையைக் குழாய்த் தண்ணீரில் பிடித்தேன். தோல் வெளுத்துச் சுருங்கியது. அவர் கையைப் பார்க்கவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நானும் எனக்குள் தேடினேன், ஒன்றுமே இல்லை.

"நோகுதோ?" என்று கேட்டேன். அப்படிக் கேட்க வேண்டும் என்பது மட்டும் ஞாபகம் இருந்தது.