மருமகன் கொண்டுவந்த போத்தல்

பின்னேரம், அஸர் தொழுகைக்குச் சற்று முன்னர் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் கலீல் சேரின் மரண அறிவித்தல் கேட்டது. கையிலிருந்த தேத்தண்ணியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன்.

பள்ளிவாசல்துறைப் பள்ளிக்கூடத்தில் என்னோடு விஞ்ஞானம் படிப்பித்தவர். தொண்ணூறில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வந்தவர். நான் யுத்தம் முடிந்தபின் வன்னியிலிருந்து வந்தவன். முதல் நாளே தமது கதிரையை எனக்குத் தந்து, "இருங்க மாஸ்டர், நானும் வந்தேறிதான்" என்று சிரித்தார்.

"விட்டமின் குறைஞ்சாலும் வில்லங்கம், கூடினாலும் வில்லங்கம் பிள்ளைகள்" என்று வகுப்பில் முழங்குவார். வீட்டில்தான் அவர் வாய் திறக்கவில்லை.

மருமகன் றியாஸ் கட்டாரிலிருந்து லீவில் வரும்போதெல்லாம் விட்டமின் டி போத்தல்கள் கொண்டுவருவார். மருமகன் ஆசையாகக் கொண்டுவந்ததைத் தொடாமல் வைத்தால் மகளின் முகம் வாடுமே என்று சேருக்குப் பயம். வீரியம் கூடிய மாத்திரைகள். டொக்டரிடம் கேட்காமலே வருடக்கணக்காகத் தினமும் போட்டார். கடைசியில் இரத்தத்தில் விட்டமின் எல்லை மீறி, கல்சியம் ஏறி, சிறுநீரகங்கள் பழுதாகிவிட்டன. ஊருக்கு அவர் சொன்ன காரணம் நீரிழிவு, சீனி வருத்தம்.

உண்மையை ஆஸ்பத்திரி வாங்கில் அருகே இருத்திவைத்து எனக்கு மட்டும் சொன்னார். "படிப்பிச்ச எனக்கே இப்பிடி. வெக்கமா ஈக்கி மாஸ்டர். மருமகன்ட காதில போட்டுராதீங்க."

"ஓம்" என்றேன்.

அடக்கம் முடிந்து சேரின் வீட்டுக்குத் திரும்பியதும், லீவில் வந்திருந்த றியாஸ் அழுது வீங்கிய கண்களோடு என் கையில் திறக்காத போத்தல் ஒன்றைத் திணித்தார். "மாமாக்குக் கொண்டந்தது. நீங்க குடிங்க சேர். மாமிக்கும் இதத்தான் குடுக்கிறன், பாவம், மெலிஞ்சு போனாங்க."

"சரி தம்பி" என்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். சீ, நானும் ஒரு மனிதனா! இழவு நடந்த மையத்து வீட்டில் மரியாதை பார்த்தேனாம். உள்ளே ஒரு மனுசி அதே மாத்திரையை விழுங்கிக்கொண்டிருக்கிறார்.

விடிந்ததும் போத்தலோடு போய், கேற்றடியில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். றியாஸ் உள்ளே ஓடினார். மாமியின் போத்தலைப் பறித்துக்கொண்டு வந்து படியில் குந்திவிட்டார்.

"மாமா எனக்கு முன்னாலதானே குடிப்பாரு சேர். சிரிச்சிக்கிட்டே குடிப்பாரு."

நான் புறப்படும்போது, "மத்தவங்களும் அறியட்டும், இத எழுதுங்க சேர்" என்றவரும் அவரே.

கலீல் சேர், தந்த வாக்கை மீறிவிட்டேன். மீறியதற்கல்ல, ஒரு நாள் பிந்தியதற்கே வெட்கப்படுகிறேன். இனி எவருடைய முகமும் வாடுமென்று நீங்கள் பயப்பட வேண்டியதில்லை. போய் வாருங்கள்.