வீடு போய்ச் சேர்ந்த நான்கு குதிரைகள்

வளைகுடாவுக்குப் போகிறவன் முதலில் விழுங்கக் கற்றுக்கொள்வது 'தெரியாது' என்கிற சொல்லை. நான் வெல்டர் விசாவில் அபுதாபி போனவன். அதுவரை வெல்டிங் பட்டறையைத் தெருவில் நின்றுதான் பார்த்திருந்தேன். ஏஜென்ட் "தெரியுமா?" என்றான். "தெரியும்" என்றேன். முசஃபா தொழிற்பேட்டையில் கையைச் சுட்டுச் சுட்டுத் தொழில் படித்தேன். அதனால் மூன்றாம் வருஷக் கடைசியில் ஃபோர்மேன் வந்து, "ஏப்பா, குதிரை தெரிஞ்சவன் எவனாச்சும் இருக்கீங்களா?" என்று கேட்டபோது என் கை தானாக உயர்ந்தது.

காரணம் இருந்தது. நான் விமானம் ஏறிய பிறகு பிறந்த மகளுக்கு மூன்று வயது ஆகப்போகிறது. போட்டோவில் தவிர பார்த்ததில்லை. என் லீவு பேப்பர் அர்பாபின் கையெழுத்துக்காக ஐந்து மாதமாகக் கிடந்தது. முதலாளியை அங்கே அர்பாப் என்போம். அவர் வயதான இரண்டு சிநேகிதர்களோடு குதிரையில் மலைக்குள் போய்த் தங்கப்போகிறாராம். குதிரைக்காரன் லீவில் ஊருக்குப் போய்விட்டான்.

"மனுசனைச் சந்தோசப்படுத்திட்டு வா. கையெழுத்துத் தானா விழும்" என்றார் ஃபோர்மேன்.

மலையடிவாரத்தில் அர்பாபுக்கு ஒரு தோட்டம் உண்டு. அங்கேதான் லாயம். "கோடா மாலூம்?" என்று எல்லோருக்கும் பொதுவான ஒடிந்த இந்தியில் கேட்டார். குதிரை தெரியுமாம். "மாலூம், அர்பாப்" என்றேன்.

எனக்குத் தெரிந்தது மாடு. நாலு கால், ஒரு வால், புல் தின்கிறது, பெரிய வித்தியாசம் என்ன இருந்துவிடப்போகிறது? மேலே ஏறியதும் தெரிந்தது. பழக்கதோஷத்தில் "ஹை, ஹை" என்றேன். குதிரை திரும்பி என் முழங்காலை மோந்து பார்த்துவிட்டு நின்றது. பிறகு முன்னால் போன குதிரைகளின் பின்னால் தன் இஷ்டத்துக்கு நடந்தது. நான் அதன்மேல் மூட்டையாகப் போனேன்.

அர்பாபுக்கு இது தாத்தா காலத்துப் பயணம். கார் கூடாது, போன் கூடாது, டார்ச் லைட் கூடாது. அறைக்கு அறை ஏசி வைத்திருக்கிற மனிதர் கல்லில் குந்தி, நான் கருக்கிய ரொட்டியை "மாஷா அல்லா" என்று ரசித்துத் தின்றார். கரண்டு இல்லாத வாழ்க்கை வேண்டாமென்று ஓடிவந்தவனுக்கு அது எரிச்சலாக இருந்தது. இருபுறமும் செங்குத்துப் பாறை, நடுவே தண்ணீர் இல்லாத ஆறு. ஆறு மட்டும் ஊர் ஞாபகத்தைக் கொடுத்தது.

மறுநாள் மத்தியானம் குதிரைகள் வாடி நின்றன. பாவமாக இருந்தது. நான்கையும் அவிழ்த்து மேயவிட்டேன். எங்கள் ஊரில் மேயவிட்ட மாட்டின் பின்னால் யாரும் அலைவதில்லை. பொழுது சாய்ந்தால் தானாக வீடு வந்துவிடும். நிம்மதியாக டீ போட்டேன்.

"குதிரை எங்கே?" என்றார் அர்பாப்.

"மேயுது. மக்ரிப் நேரத்துக்கு வந்துரும்."

பொழுது சாய்ந்து மக்ரிப் தொழுகையும் முடிந்தது. குதிரைகள் வரவில்லை. தொழுகைப் பாயில் உட்கார்ந்தபடியே அர்பாப் என்னைப் பார்த்த பார்வையில் என் லீவு பேப்பர் கிழிவது கேட்டது.

விடிந்ததும் நடந்தோம். என் தலையில் இரண்டு சேணம், அர்பாபின் தோளில் ஒன்று. நாலாவதைச் சிநேகிதர்கள் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு, வழியெல்லாம் சண்டை போட்டார்கள். மத்தியானம் தோட்டத்தை அடைந்தபோது லாயத்தில் நான்கு குதிரைகளும் வரிசையாக நின்று தீவனம் தின்றுகொண்டிருந்தன.

"ஏன் அவிழ்த்துவிட்டாய்?" என்றார் அர்பாப்.

தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன. "எனக்குக் குதிரை தெரியாது, அர்பாப். எங்க ஊர் மாடு சாயங்காலமானா வீட்டுக்கு வந்துரும். அப்படி நினைச்சிட்டேன்."

அர்பாப் சேணத்தின் மேல் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார். "இதுவும் வீட்டுக்குத்தானே வந்திருக்கு! நீ வீட்டுக்குப் போய் எத்தனை நாள் ஆச்சு?"

சொன்னேன். சிரிப்பு நின்றது. அந்த வாரமே கையெழுத்து விழுந்தது.

ஊரில் மகள் நாள் முழுக்க அம்மாவின் புடவைக்குப் பின்னால் நின்று என்னை நோட்டம் விட்டாள். பொம்மையை மட்டும் வாங்கிக்கொண்டாள். சாயங்காலம் மாடுகள் தெருவில் தாமாகத் திரும்பிவந்தன. அப்போதுதான் கைக்கு எட்டாத தூரத்தில் வந்து நின்று கேட்டாள்:

"மாமா, பொழுது சாஞ்சிருச்சு. நீங்க உங்க வீட்டுக்குப் போகலையா?"

மனைவிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. நான் கொல்லைப்பக்கம் போய் அழுதுவிட்டு வந்தேன்.